ப்ரோபயாடிக் வாங்குவதற்கு முன்: முதுமையில் குடல் நுண்ணுயிரிகளையும் எதிர்ப்பு ஆற்றலையும் பேணும் வழிமுறை

அறுபது வயதைத் தாண்டிய ஒருவருக்குச் சளி அடிக்கடி பிடிக்கத் தொடங்கினால், ‘குடலில் நல்ல பாக்டீரியா குறைந்திருக்கும், ஒரு காப்ஸ்யூல் எடுத்துப் பாருங்கள்’ என்று சொல்ல யாராவது ஒருவர் இருக்கவே செய்கிறார். அந்த ஆலோசனையில் பாதி உண்மை உண்டு. குடலில் வாழும் நுண்ணுயிரிகளுக்கும் உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றலுக்கும் நெருங்கிய தொடர்பு இருப்பது ஐயமறத் தெரிந்த செய்தி. கடையில் ப்ரோபயாடிக் என்ற பெயரில் கிடைக்கும், உயிருள்ள நல்ல நுண்ணுயிரிகள் அடங்கிய ஏதோ ஒரு காப்ஸ்யூல் அந்தத் தொடர்பைச் சீர்செய்துவிடும் என்ற மீதிப் பாதியோ, எந்த நுண்ணுயிரி, எவ்வளவு, யாருக்கு, எதற்காக என்ற நான்கு கேள்விகளுக்கும் விடை கிடைத்த பிறகே பேசத்தக்கது. பெரும்பாலோர் முதலில் வாங்கிவிட்டுப் பிறகு கேட்கிறார்கள். இங்கே அந்த வரிசை மாற்றி அடுக்கப்பட்டிருக்கிறது. முதியவர்களையும் அவர்களைக் கவனித்துக்கொள்ளும் குடும்பத்தினரையும் மனத்தில் வைத்து எழுதப்பட்ட இவ்வழிகாட்டியை, மருத்துவரைப் பார்க்கப் போகும் முன் செய்துகொள்ளும் தயாரிப்பாகக் கொள்ள வேண்டும்.

குடலுக்குள் நடப்பது என்ன

நம் உடலில் சுமார் 38 இலட்சம் கோடி பாக்டீரியாக்கள் இருப்பதாக 2016இல் வெளியான ஒரு கணக்கீடு கூறுகிறது. உடலின் சொந்த உயிரணுக்களோ சுமார் 30 இலட்சம் கோடி. மனித உயிரணுக்களைப்போலப் பத்து மடங்கு பாக்டீரியாக்கள் நம்முள் இருக்கின்றன என்று நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்ததை அக்கணக்கீடு திருத்தியது. இத்தனையும் சேர்ந்து எடை ஏறத்தாழ 200 கிராம்தான். இவற்றில் மிகப் பெரும்பகுதி பெருங்குடலில் வாழ்கிறது.

நாம் உண்ணும் நார்ச்சத்தைச் செரிக்கும் நொதிகள் நம் உடலில் இல்லை. ஆகவே அது சிறுகுடலைக் கடந்து பெருங்குடலை அடைகிறது. அங்கே உள்ள பாக்டீரியாக்கள் அதை நொதிக்கச் செய்து, அசிட்டேட், புரோபியோனேட், பியூட்டிரேட் ஆகிய சிறிய கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. இவற்றுள் பியூட்டிரேட் பெருங்குடலின் உட்சுவர் உயிரணுக்களுக்கு முதன்மையான எரிபொருள். உட்சுவர் இறுக்கமாக இருக்கவும், எதிர்ப்பு மண்டலம் தேவையில்லாமல் கொதித்தெழாமல் அடங்கியிருக்கவும் அது உதவுகிறது. நார்ச்சத்து வராதபோது சில பாக்டீரியாக்கள் குடற்சுவரைப் போர்த்தியிருக்கும் சளிப்படலத்தையே உண்ணத் தொடங்குகின்றன என்பது எலிகளில் செய்த ஆய்வுகளில் காணப்பட்டது. படலம் மெலிந்தால், வெளியே நிற்க வேண்டியவை சுவரை நெருங்குகின்றன. காவலுக்கு நிற்கும் வெள்ளணுக்கள் ஓயாமல் வேலை செய்ய நேர்கிறது.

வயது கூடும்போது இதோடு வேறு சில மாற்றங்களும் சேர்கின்றன. வெள்ளணுக்களில் ஒரு வகையான டி அணுக்களைப் புதிதாகப் பயிற்றுவிக்கும் தைமஸ் சுரப்பி இளமையிலிருந்தே சுருங்கத் தொடங்கி, முதுமையில் பெரும்பாலும் கொழுப்பாக மாறிவிடுகிறது. எனவே பழைய பகைவரை நினைவில் வைத்திருக்கும் அணுக்கள் மிஞ்சியிருக்க, புதிய பகைவரை எதிர்கொள்ளும் அணுக்கள் அருகிப்போகின்றன. தடுப்பூசிக்கு முதியவர்களின் உடல் காட்டும் எதிர்வினை மந்தமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். கூடவே, வெளிப்படையான நோய் எதுவும் இல்லாமலேயே உடல் முழுவதும் மெல்லிய அழற்சி ஒன்று நீறுபூத்த நெருப்பாக இருந்துகொண்டே இருக்கிறது. இதற்கு ‘இன்ஃப்ளமேஜிங்’ என்று 2000இல் பெயரிட்டவர் இத்தாலிய அறிவியலாளர் கிளாடியோ ஃபிரான்செஸ்கி. நுண்ணுயிரியே இல்லாத சூழலில் வளர்க்கப்பட்ட எலிகள் முதுமை அடைந்தபோது இந்த அழற்சி அவற்றில் கூடவில்லை என்று 2017இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியதால், குடலுக்கும் இதற்கும் உள்ள உறவு உறுதிப்பட்டது. எலியில் கண்டது மனிதரிலும் அப்படியே நடக்கும் என்று கொள்ள முடியாதுதான்.

மனிதரைப் பற்றிய செய்திக்கு அயர்லாந்தில் 178 முதியவர்களிடம் நடத்தி 2012இல் வெளியிடப்பட்ட ஆய்வைப் பார்க்கலாம். சொந்த வீட்டில் வாழ்ந்தவர்களின் குடலில் நுண்ணுயிரி வகைகள் மிகுதியாகவும், நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களில் இருந்தவர்களின் குடலில் குறைவாகவும் இருந்தன; அவரவர் உண்ட உணவின் வகைகளும் அதே போக்கில் கூடியும் குறைந்தும் இருந்தன. வகை குறைந்தவர்களிடம் உடல் நலிவும் அழற்சியும் கூடுதலாகக் காணப்பட்டன. எது காரணம், எது விளைவு என்பதை இவ்வகை ஆய்வால் முடிவாகச் சொல்ல இயலாது. ஆனாலும் தட்டில் ஒரே மாதிரியான மென்மையான உணவு மட்டும் நாள்தோறும் வந்துகொண்டிருந்தால் குடலிலும் ஒரு வறுமை வரும் என்று எதிர்பார்க்க இது போதுமான சான்று.

முதற்படி: ஒரு தாளும் பேனாவும்

எதையும் வாங்குவதற்கு முன், இப்போது உட்கொள்ளும் எல்லா மருந்துகளையும் ஒரு தாளில் எழுதுங்கள். மருத்துவர் எழுதித் தந்தவை, நீங்களாகவே வாங்கிக்கொண்டவை, சத்து மாத்திரைகள், மலமிளக்கிகள், மூலிகைப் பொடிகள், வலி மாத்திரைகள் என எதையும் விடாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே அளவும், எப்போதிலிருந்து எடுக்கிறீர்கள் என்பதும் இருக்கட்டும். கடந்த ஆறு மாதங்களில் ஆன்டிபயாடிக் எடுத்திருந்தால் அதையும் எழுதுங்கள். இது மிகச் சாதாரணமான வேலையாகத் தோன்றும். ஆனால் இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்வேன் என்று ஒருவர் சொன்னால், அது இந்தப் படியாக இருக்கட்டும் என்றே நான் சொல்வேன்.

காரணம் இதுதான். நெஞ்செரிச்சலுக்காக எடுக்கும் ஒமெப்ரஸோல், பான்டோப்ரஸோல் போன்ற மாத்திரைகள் வயிற்று அமிலத்தை வெகுவாகக் குறைக்கின்றன. வாய் வழியே வரும் கிருமிகளுக்கு அந்த அமிலம்தான் முதல் வாயிற்காவலன். அது குறையும்போது குடல் நுண்ணுயிரிகளின் சேர்க்கை மாறுவதும், க்ளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசைல் என்னும் கடும் பேதி உண்டாக்கும் கிருமியின் தொற்று கூடுவதும் ஆய்வுகளில் தொடர்ந்து பதிவாகியுள்ளன. சில வாரங்களுக்கென்று தொடங்கிய இம்மாத்திரை, யாரும் நிறுத்தச் சொல்லாததால் பல ஆண்டுகள் ஓடிக்கொண்டிருப்பது அரிதன்று. நீரிழிவுக்கான மெட்ஃபார்மினை நெடுங்காலம் எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறைய வாய்ப்புண்டு. அந்த மருந்து குடல் நுண்ணுயிரிகளையும் மாற்றுகிறது, சிலருக்கு வயிற்றுப்போக்கும் தருகிறது. ஆக, ஒருவர் காப்ஸ்யூல் வாங்கித் தீர்க்க நினைக்கும் தொல்லை, அவர் ஏற்கெனவே விழுங்கிக்கொண்டிருக்கும் ஒன்றிலிருந்தே வந்திருக்கலாம். இதை வைத்துக்கொண்டு எந்த மருந்தையும் தானாக நிறுத்திவிடக் கூடாது. குருதி உறைவுத் தடுப்பு, ஸ்டீராய்டு, இதய மருந்துகள் ஆகியவற்றைத் திடீரென விடுவது ஆபத்து. தாளை மருத்துவரிடம் காட்டி, ‘இவற்றுள் எவை இப்போதும் தேவை?’ என்று கேட்பதுதான் செய்ய வேண்டியது.

தாளின் மறுபக்கத்தில் இன்னும் சில வரிகள் வேண்டும்: கடந்த ஓராண்டில் முயலாமலே எடை குறைந்ததா, மலம் கழிப்பது எப்படி இருக்கிறது, மெல்லுவதில் சிரமம் உண்டா, பல்செட் சரியாகப் பொருந்துகிறதா, ஒரு நாளில் எத்தனை வகைக் காய், பழம், பருப்பு உண்ணப்படுகின்றன. முதியவர் நார்ச்சத்து உண்ணாததற்குக் காரணம் பெரும்பாலும் அறியாமை அன்று, பல்தான்.

இரண்டாம் படி: குறை எது என்று தெரிந்தபின் சத்து மாத்திரை

எதிர்ப்பு ஆற்றலுக்கென்று விற்கப்படும் சத்து மாத்திரைகள் குறைபாடு உள்ளவருக்குப் பெரும் பயன் தரலாம். குறைபாடு இல்லாதவருக்குத் தரும் பயன் மிகச் சிறிதே அல்லது இல்லவே இல்லை. வைட்டமின் டி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஆஸ்திரேலியாவில் 60 வயதைக் கடந்த 21,315 பேரைக் கொண்டு நடத்தப்பட்ட டி-ஹெல்த் ஆய்வில், மாதம் ஒருமுறை 60,000 அலகு வைட்டமின் டி ஐந்தாண்டுகள்வரை தரப்பட்டும் இறப்பு விகிதம் குறையவில்லை. அமெரிக்காவில் 25,871 பேரிடம் நடந்த வைட்டல் ஆய்விலோ நாளொன்றுக்கு 2,000 அலகு எடுத்தவர்களிடம், எதிர்ப்பு மண்டலம் தன் உடலையே தாக்கும் தன்னெதிர்ப்பு நோய்கள் 22 விழுக்காடு குறைவாகத் தோன்றின என்று 2022இல் அறிவிக்கப்பட்டது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், வெயில் படாமல் வீட்டுக்குள்ளேயே இருக்கும் முதியவருக்கு அளவறிந்து கொடுப்பதில் நியாயம் இருக்கிறது. இரத்தத்தில் போதிய அளவு உள்ளவர் கூடுதலாக விழுங்கிக்கொண்டே போவதில் நியாயம் இல்லை என்பது என் கணிப்பு.

பி12 வைட்டமினின் கதை வேறு. உணவில் அது புரதத்தோடு பிணைந்திருக்கும். அந்தப் பிணைப்பை அவிழ்க்க வயிற்று அமிலம் வேண்டும். முதுமையில் பலருக்கு வயிற்றின் உட்சுவர் மெலிந்து அமிலம் குறைவதால், போதிய அளவு உண்டும் உடலில் சேராமல் போகிறது. மாத்திரையில் உள்ள பி12 பிணைப்பின்றி இருப்பதால் அமிலம் குறைந்தவரும் அதை உறிஞ்ச முடியும். கைகால் மரத்துப்போதல், மறதி, சோர்வு ஆகியவை வயதின் இயல்பு என்று தள்ளிவிடப்படும்போது இந்த ஓர் இரத்தப் பரிசோதனையைக் கேட்டுப் பெறுவது நல்லது.

துத்தநாகம் வெள்ளணுக்களின் வேலைக்கு இன்றியமையாதது. நாள்தேவை ஆண்களுக்கு 11 மில்லிகிராமும் பெண்களுக்கு 8 மில்லிகிராமும்தான். தாங்கும் மேல்வரம்பு 40 மில்லிகிராம். அதற்கு மேல் மாதக்கணக்கில் எடுத்தால் செம்பு உடலில் சேர்வது தடைப்பட்டு, இரத்தசோகையும் நரம்புப் பாதிப்பும் வரக்கூடும், வெள்ளணுக்களும் குறையும். எதிர்ப்பு ஆற்றலைக் கூட்டப் போய்க் குறைத்துக்கொள்வதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது. பல கூட்டு மாத்திரைகளில் துத்தநாகம் தனித்தனியே இருப்பதால், தாளில் எழுதியவற்றை எல்லாம் கூட்டிப் பார்க்க வேண்டும்.

குருதி உறைவைத் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவர்கள் வைட்டமின் கே, ஈ அடங்கிய எதையும் கேட்காமல் தொடங்கக் கூடாது. தைராய்டு மாத்திரைக்கும் கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். முடிக்கும் நகத்துக்கும் என்று விற்கப்படும் பயோட்டின் அதிக அளவில் உடலில் இருந்தால் தைராய்டு பரிசோதனையும், மாரடைப்பை அறியும் ட்ரோபோனின் பரிசோதனையும் பிழையான முடிவு தரலாம். இரத்தம் கொடுக்கும் முன் அதைச் சொல்லிவிடுங்கள்.

மூன்றாம் படி: நார்ச்சத்தை மெல்லக் கூட்டுதல்

குடலில் ஏற்கெனவே குடியிருக்கும் நுண்ணுயிரிகளுக்கு உணவளிப்பது, புதியவற்றை இறக்குமதி செய்வதைவிட நம்பத்தக்க வழி. பத்து வயதைத் தாண்டிய அனைவரும் நாள்தோறும் குறைந்தது 25 கிராம் இயற்கை நார்ச்சத்தும், 400 கிராம் காய் பழங்களும் உண்ண வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட பரிந்துரை. வேகவைத்த பருப்பு, பயறு, கொண்டைக்கடலை ஆகியவற்றில் அரைக் கோப்பைக்குச் சுமார் 6 முதல் 8 கிராம் கிடைக்கும். தோலோடு உண்ணும் நடுத்தர ஆப்பிள் ஒன்றில் சுமார் 4 கிராம். வெங்காயம், பூண்டு, ஓட்ஸ், வாற்கோதுமை, அதிகம் பழுக்காத வாழைப்பழம், வேகவைத்து ஆறவைத்த உருளைக்கிழங்கு ஆகியவற்றில் பாக்டீரியாக்கள் விரும்பும் வகை நார்ச்சத்தும் மாவுச்சத்தும் உள்ளன.

புதிதாகத் தொடங்குவோர் செய்யும் பிழை, முதல் வாரத்திலேயே அளவை இரட்டிப்பாக்குவது. வயிறு உப்பி, வாயு சேர்ந்து, ‘எனக்கு இது ஒத்துக்கொள்ளாது’ என்ற முடிவோடு கைவிட்டுவிடுகிறார்கள். வாரத்துக்கு 3 முதல் 5 கிராம் என்ற கணக்கில் கூட்டினால் நுண்ணுயிரிகளும் குடலும் பழகிக்கொள்ள நேரம் கிடைக்கும். முதல் வாரம் ஒரு வேளையில் இரண்டு கரண்டி பருப்பு, அடுத்த வாரம் அதோடு ஒரு பழம் என்று போகலாம். சிறிது வாயு வருவது நொதித்தல் நடக்கிறது என்பதன் அறிகுறி; வலியும் வாந்தியும் அப்படியல்ல. மெல்ல முடியாதவர்களுக்குக் காயை நன்கு வேகவைத்து மசித்தும், பழத்தைத் துருவியும் தரலாம். சாறாகப் பிழிந்து சக்கையை எறிந்துவிட்டால் வேலை வீண். நீர் அருந்துவதும் கூட வேண்டும், இல்லையேல் மலச்சிக்கல் முன்னிலும் மோசமாகும். இதயச் செயலிழப்பு, சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் நீரின் அளவையும், பருப்பு பழங்களில் உள்ள பொட்டாசியத்தையும் மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும். குடலில் சுருக்கமோ அடைப்போ இருந்தவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

இசப்கோல் எடுப்பவர்கள் ஒவ்வொரு முறையும் ஒரு முழுக் குவளை நீருடன் எடுக்க வேண்டும். அது நீரில் பன்மடங்கு ஊதுவதால், குறைந்த நீரோடு விழுங்கினால் தொண்டையிலும் உணவுக்குழாயிலும் அடைத்துக்கொள்ளக்கூடும். விழுங்குவதில் சிரமம் உள்ள முதியவர் அதைத் தொடவே கூடாது. மற்ற மருந்துகளுக்கும் அதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

உணவால் முதியவர்களின் குடல் மாறுமா என்று ஐயுறுபவர்களுக்கு 2020இல் வெளியான நு-ஏஜ் ஆய்வைச் சொல்லலாம். ஐந்து ஐரோப்பிய நாடுகளைச் சேர்ந்த, 65 முதல் 79 வயதுக்குட்பட்ட 612 பேரில் ஒரு பகுதியினர் ஓராண்டு காலம் காய், பருப்பு, முழுத்தானியம், மீன், ஆலிவ் எண்ணெய் மிகுந்த மத்தியதரைக்கடல் உணவுமுறைக்கு மாறினர். அதை நன்கு பின்பற்றியவர்களின் குடலில், நலிவும் அழற்சியும் குறைந்திருப்பதோடு தொடர்புடைய பாக்டீரியாக்கள் பெருகின. புரதத்தை மறந்துவிடக் கூடாது: எதிர்ப்பணுக்களும் தசைகளும் அதனால் ஆனவை. சிறுநீரக நோய் இல்லாத முதியவருக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் வேண்டும் என்று முதுமை மருத்துவ வல்லுநர்கள் கூறுகிறார்கள்.

நான்காம் படி: புளித்த உணவு

தயிர், கெஃபிர் என்னும் புளித்த பால் பானம், சூடாக்கப்படாத புளித்த காய்கறி போன்றவை உயிருள்ள நுண்ணுயிரிகளைத் தருகின்றன. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 36 பேரிடம் நடத்தி 2021இல் வெளியிட்ட ஆய்வில், பத்து வாரங்கள் புளித்த உணவை மிகுதியாக உண்டவர்களின் குடல் நுண்ணுயிரி வகைகள் கூடின. இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் பல புரதங்கள் குறைந்தன. அதே கால அளவில் நார்ச்சத்தைக் கூட்டியவர்களிடம் வகைகள் கூடவில்லை. சிறிய ஆய்வு, முதியவர்களுக்கென்று வடிவமைக்கப்பட்டதும் அன்று. புளிக்கவைத்தபின் அடுப்பில் ஏற்றிய உணவில் நுண்ணுயிரிகள் உயிரோடு இரா என்பதையும், சர்க்கரை சேர்த்த தயிர் பானங்கள் நீரிழிவு உள்ளவருக்கு ஏற்றவை அல்ல என்பதையும், உப்பில் ஊறியவை இரத்த அழுத்தம் உள்ளவருக்கு அளவோடுதான் என்பதையும் நினைவில் கொள்ளலாம்.

புளித்த பாலால் ஆயுள் நீளும் என்ற கருத்தைப் பரப்பியவர் 1908இல் நோபல் பரிசு பெற்ற இலியா மெச்னிக்காஃப். விழுங்கும் வெள்ளணுக்களைக் கண்டறிந்ததற்காகத்தான் அவருக்கு அப்பரிசு கிடைத்தது, தயிருக்காக அல்ல. அவர் போற்றிய தயிர் பாக்டீரியா மனிதக் குடலில் நிலையாகத் தங்குவதில்லை என்பது பின்னர் தெரியவந்தது. விளம்பரங்களில் இன்னும் அவர் பெயர் உலவுகிறது.

ஐந்தாம் படி: காப்ஸ்யூல் வேண்டுமென்றால் அட்டையைப் படித்தல்

போதிய அளவில் உட்கொள்ளும்போது உடலுக்கு நன்மை தரும் உயிருள்ள நுண்ணுயிரிகளே ப்ரோபயாடிக் என்பது 2001இல் உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் கூட்டிய வல்லுநர் குழு தந்த வரையறை. உயிருள்ளதா, போதிய அளவா, நன்மை நிறுவப்பட்டதா என்ற மூன்றையும் அட்டையில் தேட வேண்டும்.

முதலில் பெயர். நுண்ணுயிரியின் பெயர் பேரினம், சிற்றினம், திரிபு என மூன்று பகுதிகள் கொண்டது. லாக்டிகேசிபேசில்லஸ் ராம்னோசஸ் ஜிஜி என்பதில் ‘ஜிஜி’ என்பதே திரிபு. அதைக் கண்டறிந்த கோர்பாக், கோல்டின் இருவரின் முதலெழுத்துகள் அவை. ஆய்வு முடிவுகள் திரிபுக்கே உரியவை. ஒரே சிற்றினத்தின் இன்னொரு திரிபு அதே பலனைத் தரும் என்று கொள்ள இடமில்லை. ஆகவே திரிபின் பெயரை அச்சிடாத புட்டியைத் திருப்பி வைத்துவிடலாம். 2020இல் லாக்டோபேசில்லஸ் என்ற பேரினம் 25 பேரினங்களாகப் பிரிக்கப்பட்டதால் ஒரே நுண்ணுயிரி பழைய பெயரிலும் புதிய பெயரிலும் விற்கப்படுவதைக் கண்டு குழம்ப வேண்டாம். திரிபின் எழுத்தும் எண்ணும் மாறுவதில்லை.

அடுத்தது எண்ணிக்கை. சி.எஃப்.யு. என்பது பெருகி வளரும் நிலையிலுள்ள நுண்ணுயிரிகளின் அலகு. பல தயாரிப்புகளில் ஒரு வேளைக்கு 100 கோடி முதல் 1,000 கோடி வரை இருக்கும். அந்த எண் தயாரித்த நாளுக்கானதா, காலாவதி நாள்வரை உறுதி தரப்படுகிறதா என்று பாருங்கள். எண் பெரிதாக இருப்பதால் மட்டும் பலன் பெரிதாகாது. குளிரில் வைக்கச் சொல்லும் தயாரிப்பு, வெயிலில் வந்து சேர்ந்திருந்தால் அதில் உயிரோடு எஞ்சியவை எத்தனை என்று யாராலும் சொல்ல முடியாது.

இனி, முதியவர்களிடம் இவை எவ்வளவு பலன் தந்தன என்ற செய்தி. ப்ரோபயாடிக்குகள் மேல்சுவாசத் தொற்றுகளை ஓரளவு தடுக்கின்றன என்றே மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2022இல் வெளியிட்ட தொகுப்பாய்வு கூறியது. ஆனால் அதில் தொகுக்கப்பட்ட சான்றுகளின் உறுதி நடுத்தரத்துக்கு மேல் போகவில்லை. இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளின் பராமரிப்பு இல்லங்களில் வாழ்ந்த 310 பேரிடம் ஓராண்டுவரை நடத்தி 2020இல் வெளியிட்ட ஆய்வில், மேலே சொன்ன ஜிஜி திரிபும் ஒரு பிஃபிடோபாக்டீரியமும் சேர்ந்த காப்ஸ்யூல், தொற்றுகளுக்காக ஆன்டிபயாடிக் எடுக்க நேர்ந்த நாட்களைக் குறைக்கவில்லை. இந்த இரண்டும் முரண்பட்டவை அல்ல. ஓரளவு ஆரோக்கியமான மக்களிடம் கிடைக்கும் சிறு நன்மை, நலிவு முற்றியவர்களிடம் கிடைக்காமல் போகலாம். உதவி மிகவும் தேவைப்படும் இடத்தில்தான் சான்று மெலிந்திருக்கிறது என்பது கசப்பான செய்தி.

ப்ரீபயாடிக் என்பது பாக்டீரியாவுக்கான உணவு. இனுலின் அதில் பரவலானது. 60 வயதைக் கடந்த 36 இரட்டையர் இணைகளிடம் இலண்டன் கிங்ஸ் கல்லூரி நடத்தி 2024இல் வெளியிட்ட ஆய்வில், இணையில் ஒருவருக்குப் புரதப்பொடியோடு ப்ரீபயாடிக்கும் மற்றவருக்குப் புரதப்பொடியோடு வெற்று மாவும் 12 வாரங்கள் தரப்பட்டன. ப்ரீபயாடிக் எடுத்தவர்கள் நினைவாற்றல் தேர்வில் மேம்பட்டார்கள். நாற்காலியிலிருந்து எழும் வேகத்தில் வேறுபாடு இல்லை. எடுத்துப் பார்க்க விரும்புவோர் நாளுக்கு 2 அல்லது 3 கிராமில் தொடங்க வேண்டும்.

யாருக்கு வேண்டவே வேண்டாம்

உயிருள்ள நுண்ணுயிரியை விழுங்குவது எல்லாருக்கும் தீங்கற்றது என்ற எண்ணத்தை 2008இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு ஒன்று உலுக்கியது. கடும் கணைய அழற்சியில் இருந்த நோயாளிகளுக்குத் தொற்றைத் தடுக்க ப்ரோபயாடிக் கொடுத்தபோது, அதைப் பெற்றவர்களில் 16 விழுக்காட்டினரும் வெற்றுப்பொடி பெற்றவர்களில் 6 விழுக்காட்டினரும் இறந்தார்கள். எனவே தீவிர சிகிச்சையில் இருப்பவர்கள், புற்றுநோய் மருந்தோ உறுப்பு மாற்றத்துக்கான மருந்தோ அதிக அளவு ஸ்டீராய்டோ எடுப்பவர்கள், மைய இரத்தநாளத்தில் குழாய் பொருத்தப்பட்டவர்கள், செயற்கை இதய வால்வு உள்ளவர்கள் மருத்துவர் சொல்லாமல் இவற்றைத் தொடக் கூடாது. ப்ரோபயாடிக்காக விற்கப்படும் சாக்கரோமைசிஸ் பவுலார்டி என்பது ஈஸ்ட். அதன் காப்ஸ்யூலை, குழாய் பொருத்திய நோயாளியின் அருகில் திறப்பதுகூட இரத்தத்தில் பூஞ்சைத் தொற்றை உண்டாக்கக்கூடும்.

ஆறாம் படி: ஒரு பொருள், ஒரு குறிக்கோள், ஒரு முடிவு நாள்

இங்கே புதியவர்கள் பெரிதும் ஏமாறுகிறார்கள். ஆண்டுக்கு மூன்று முறை சளி பிடிப்பவருக்கு இரண்டு மாதம் சளி பிடிக்கவில்லை என்றால், காப்ஸ்யூல் வேலை செய்கிறது என்று தோன்றும். எதையும் எடுக்காமல் இருந்தாலும் பெரும்பாலான இரண்டு மாதங்கள் அப்படித்தான் கழிந்திருக்கும். எதிர்ப்பு ஆற்றல் கூடியதா என்பதைத் தனியொருவர் தன் உடலில் உணர்ந்து அறிய முடியாது. அதை நூற்றுக்கணக்கானோரை இரு குழுக்களாகப் பிரித்து ஒப்பிடும் ஆய்வுதான் சொல்ல முடியும். ஆகவே சோதனைக்கு வைக்கும் குறிக்கோள், நீங்களே எண்ணிப் பார்க்கக்கூடிய ஒன்றாக இருக்கட்டும்: வாரத்தில் எத்தனை நாள் மலம் கழிந்தது, எப்படி இருந்தது, வயிற்று உப்புசம் எத்தனை நாள்.

மலத்தின் தன்மையைக் குறிக்க 1997இல் வெளியான பிரிஸ்டல் அட்டவணை உதவும். அதில் 1 என்பது கடினமான தனித்தனி உருண்டை, 7 என்பது வெறும் நீர், 3ம் 4ம் இயல்பானவை. இரண்டு வாரம் எதையும் மாற்றாமல் குறித்துவையுங்கள். பிறகு ஒரே ஒரு பொருளைத் தொடங்கி, நான்கு முதல் எட்டு வாரம்வரை அதே முறையில் குறியுங்கள். தொடங்கும் நாளிலேயே முடிவு நாளையும் நாட்காட்டியில் எழுதிவிட வேண்டும். அந்த நாளில் முன்னும் பின்னும் ஒப்பிட்டு, வேறுபாடு இல்லை என்றால் நிறுத்திவிடலாம். இருந்தால் இரண்டு வாரம் நிறுத்திப் பார்த்து, பழைய தொல்லை திரும்புகிறதா என்று கவனியுங்கள். ஒரே வேளையில் மூன்று பொருள்களைத் தொடங்கியவருக்கு நன்மை வந்தாலும் எதனால் என்று தெரியாது, தீமை வந்தாலும் தெரியாது.

மலத்தை அனுப்பிக் குடல் நுண்ணுயிரிப் பட்டியல் பெறும் வீட்டுப் பரிசோதனைகள் இப்போதைக்குத் தேவையில்லை. ஆரோக்கியமான குடலின் பட்டியல் எப்படி இருக்க வேண்டும் என்பதில் அறிவியலாளர்களிடையே ஒத்த கருத்து இன்னும் உருவாகவில்லை.

ஆன்டிபயாடிக் எடுக்கும் நாட்களில்

ஆன்டிபயாடிக்கோடு ப்ரோபயாடிக் சேர்த்துக் கொடுப்பது பரவலான வழக்கம். ஆனால் பிரிட்டனில் 65 வயதைக் கடந்த 2,981 உள்நோயாளிகளிடம் நடத்தி 2013இல் வெளியான பிளாசைட் ஆய்வில், அதனால் பேதி குறையவில்லை. ஆன்டிபயாடிக் முடிந்தபின் பல திரிபுகள் சேர்ந்த ஒரு ப்ரோபயாடிக் எடுத்தவர்களின் சொந்த நுண்ணுயிரிகள் மீண்டு வருவது தாமதமானது என்று 2018இல் இஸ்ரேலில் நடந்த ஒரு சிறிய ஆய்வு காட்டியது. வேறு சில ஆய்வுகள் குறிப்பிட்ட திரிபுகளுக்குப் பலன் கண்டிருப்பதால், மருத்துவர் ஒன்றைப் பெயர் சொல்லி எழுதித் தந்தால் எடுக்கலாம். பாக்டீரியா வகையாக இருந்தால் ஆன்டிபயாடிக்குக்கும் அதற்கும் இரண்டு மணி நேரமேனும் இடைவெளி வேண்டும். இவற்றையெல்லாம்விடப் பெரிய பாதுகாப்பு, வைரஸால் வரும் சாதாரணச் சளிக்கு ஆன்டிபயாடிக் கேட்டு வாங்காதிருப்பது.

ஆன்டிபயாடிக் எடுக்கும்போதோ முடித்த சில வாரங்களுக்குள்ளோ ஒரே நாளில் மூன்று முறையோ அதற்கு மேலோ நீராகப் போனால், பேதியை நிறுத்தும் மாத்திரையைத் தானாக எடுக்காமல் உடனே மருத்துவரை அணுகுங்கள். டிஃபிசைல் தொற்று 65 வயதுக்கு மேற்பட்டவர்களைக் கடுமையாகத் தாக்கும்.

தடுப்பூசி அட்டை

முதற்படியில் எழுதிய தாளோடு தடுப்பூசி அட்டையையும் சேர்த்து வையுங்கள். ஆண்டுதோறும் இன்ஃப்ளுயன்ஸா, நிமோனியாவுக்கான நிமோகாக்கல், அக்கிப்புண்ணுக்கான தடுப்பூசி ஆகியவை முதியவர்களிடம் சோதித்துப் பலன் நிறுவப்பட்டவை. இவற்றுக்கு ஈடாகச் சொல்லத்தக்க துணை உணவு எதுவும் இதுவரை இல்லை. தடுப்பூசியைத் தள்ளிப்போட்டுவிட்டுக் காப்ஸ்யூல் தேடுபவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமே மிஞ்சுகிறது.

எப்போது நிறுத்திவிட்டு மருத்துவரிடம் செல்ல வேண்டும்

மலத்தில் இரத்தம், கறுத்த மலம், காரணமில்லாத எடை இழப்பு, புதிதாகத் தோன்றிச் சில வாரங்களாகியும் மாறாத மலச்சிக்கல் அல்லது பேதி ஆகியவற்றை நார்ச்சத்தாலோ ப்ரோபயாடிக்காலோ சமாளிக்க முயலக் கூடாது. முதுமையில் இவை பெருங்குடல் புற்றுநோயின் அறிகுறிகளாகவும் இருக்கலாம். ப்ரோபயாடிக் எடுக்கும் ஒருவருக்குக் குளிரோடு காய்ச்சல் வந்தால் அன்றே அதை நிறுத்திவிட்டு, மருத்துவமனைக்குப் போகும்போது அதன் அட்டைப்பெட்டியையும் எடுத்துச் செல்லுங்கள். இரத்தத்தில் நுண்ணுயிரி ஏதும் வளர்ந்தால், ஆய்வகத்தார் அதைப் பெட்டியில் அச்சிட்டுள்ள திரிபோடு ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும்.